7054D-யின் சொந்தக்காரர்

துப்பறியும் நிபுணர் இருதயராஜ் காலை ஒன்பதரையிலிருந்து 7054D என்ற நம்பருள்ள ஒரு காரைத் தேடிக்கொண்டிருந்தார். அது கார் நம்பரே இல்லை என்பது அவருடைய உதவியாளர் முனீராவுக்கு ஒன்பது முப்பத்தொன்றிலிருந்தே தெரியும். சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் கேட்காத மனிதர், ஒரு துப்பு கிடைத்தால் மட்டும் வெயில் பார்க்காமல் நடப்பார்.

பதினொன்றரைக்கு அவர் வேர்த்து வடிய வந்து சேர்ந்தார். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் உணவுக் கடைகளுக்கு நடுவில், ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எதிர் நாற்காலியில் போட்டு இடம் பிடித்து, முனீரா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

“7054D. பிடிச்சுட்டேன்,” என்றார். “டன்லப் ஸ்ட்ரீட்ல ஒரு வெள்ளை வேன். பூக்கடைக்காரரோடது.”

“அவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார், ராஜ் அண்ணே?”

“பூ கட்டிக்கிட்டு இருந்தார். ஆள் ரொம்ப நல்லவர் மாதிரி தெரியுது. அதான் சந்தேகம்.”

“நம்பரை 4D லாட்டரியில கட்டுனீங்களா?”

இருதயராஜ் சற்றுத் தயங்கினார். “ரெண்டு வெள்ளிக்கு.”

கெர்பாவ் சாலையில், மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் ‘இருதயராஜ் புலனாய்வு’ இதுதான். மொத்தம் இரண்டே பேர். இருதயராஜ் இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டியவர்களைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற மனமில்லாமல் இந்தக் கடையைத் திறந்தவர். இதுவரை கண்டுபிடித்ததில் பெரியது காணாமல் போன ஒரு பூனை. அதுவும் தானாகத்தான் வீடு திரும்பியது. முனீராவுக்கு நாற்பத்தொரு வயது. பதினைந்து வருடம் கெர்னல் எழுதியவள். ஒரு கருவியைத் தட்டி எழுப்பியதும் முதலில் ஓடி, மற்ற எல்லா நிரல்களையும் மேய்க்கிற அடிமட்ட நிரல்தான் கெர்னல். இரண்டு வருடத்துக்கு முன் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அறுபத்தோரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, அறுபத்திரண்டாவதாக இங்கே வந்து சேர்ந்தாள். தான் எழுதியதில் ஒரு தப்பும் இருந்ததில்லை என்று அறுபத்திரண்டு இடத்திலும் சொல்லியிருந்தாள். இருதயராஜ் ஒருவர்தான் அதை நம்பினார். அவருக்கு கெர்னல் என்றால் என்னவென்று தெரியாததும் ஒரு காரணம்.

வழக்கை நேற்று கொண்டுவந்தவன் ஃபஹத் என்ற இளைஞன். உபி வட்டாரத்தில் இருக்கும், அவன் வேலை பார்க்கிற திலீப் என்பவரின் கம்பெனி, முதியோர் இல்லங்களில் அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோகும் ரோபோ வண்டி செய்கிறது. போன வியாழக்கிழமை, செங்காங்கில் ஓர் இல்லத்தில், வெளியூர் விருந்தினர்கள் பார்க்க, திலீப் வண்டிக்கு முன்னால் போய் நின்று, “பாருங்க, ஆள் நின்னா இது தானா நிக்கும்” என்றார். நிற்கவில்லை. நாற்பது கிண்ணம் மீன் கஞ்சியும் அவர் சட்டையில்தான் நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கும் பகுதியைக் கடைசியாகத் தொட்டவன் ஃபஹத். அதற்கு இரண்டு வாரம் முன்னால் போட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்து, ராஜினாமா கொடுத்தவனும் அவனே. வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்று திலீப் முடிவு கட்டிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்குப் போலீஸில் புகார். புகார் பதிவானால் புது வேலை போய்விடும். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அப்புறம் ஃபஹத்தை யாரும் தொடமாட்டார்கள்.

தான் நியாயஸ்தன் என்று காட்டிக்கொள்ள, திலீப் ஒரு நாள் அவகாசமும், ரோபோவின் கெர்னலும், பிரேக் நிரலும், விபத்து நடந்த நேரத்துக் குறிப்புகளும் கொடுத்தார். அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றின் முடிவிலும் இருந்தது 7054D.

ஃபஹத் மூன்று கோப்பை தே தாரிக் தேநீரோடு வந்து உட்கார்ந்தான். முப்பது வயது. நேற்றிலிருந்து தூங்காத முகம். முனீராவை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவான்.

“லாத்தா, ஏதாவது கிடைச்சுதா?”

“ஒரு பூக்கடைக்காரர் கிடைச்சிருக்கார்,” என்றாள் முனீரா. “அண்ணே, சொன்னா கோவிக்காதீங்க. அது வண்டி நம்பர் இல்ல. எங்க ஆளுங்க பதினாறு பதினாறா எண்ணுவாங்க. ஒம்பதுக்கு மேல எழுத்துல போடுவாங்க. D-ன்னா பதிமூணு. எழுதினவங்க தங்களோட முத்திரையா ஏதாவது ஒரு எண்ணைப் போட்டு வெப்பாங்க. வழக்கமா ஜோக்கா இருக்கும். இது ஒண்ணுமே இல்ல, குப்பை.”

“ரெண்டு மணி நேரம் நடந்தேன்.”

“முகத்துல நல்ல களை வந்திருக்கு அண்ணே.”

இருதயராஜ் தேநீரை இரண்டு வாய் குடித்துவிட்டு விசாரணைக் குரலுக்கு மாறினார். “வழக்கைச் சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி.”

முனீரா சொன்னாள். ப்ராசஸர் கட்டளைகளை வரிசையாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும். நடுவில் செய்ய முடியாதது ஒன்று வந்தால், பதில் தராத சென்சாரைப் படிக்கச் சொல்வது போல, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு கெர்னலிடம் ஓடி வரும். அங்கே அதற்கென்றே எழுதி வைத்த பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பெயர். எங்கே நின்றது, என்ன ஆயிற்று என்று அது குறித்துக்கொள்ளும். பெரிய தப்பென்றால் எல்லாவற்றையும் நிறுத்தும். சின்னதென்றால் மன்னித்து, அடுத்த கட்டளையிலிருந்து தொடரச் சொல்லி அனுப்பும்.

“வியாழக்கிழமை நடந்தது இதுதான். சென்சார் ஒயர் லூஸ். சென்சாரைப் படிக்கப் போச்சு, பதில் வரல. ஹேண்ட்லர் மன்னிச்சு அனுப்பிடுச்சு. அது சரிதான், ஏன்னா அடுத்த கட்டளையே பிரேக் போடுங்கிறதுதான். எப்படியும் வண்டி நின்னுருக்கணும்.”

“அந்த பிரேக் கட்டளையைத் தம்பி எடுத்துட்டார்னு திலீப் சொல்றார்.”

“நான் எடுக்கல அங்கிள்,” என்றான் ஃபஹத்.

“எடுக்கல,” என்றாள் முனீரா. “திலீப் கொடுத்த பிரேக் நிரலைப் பாத்துட்டேன். கட்டளை இருந்த இடத்துல அப்படியே இருக்கு. ஆனா நடக்கல. அதான் புரியல. இந்த ஹேண்ட்லரை எழுதின ஆளைப் பாத்தா நாலு கேள்வி கேக்கணும். ஒரு இடத்துல கூட சந்தேகமே படல. தனக்கு எல்லாம் தெரியும்னு நெனக்கிறவங்க எழுதுறது இப்படித்தான் இருக்கும். எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு. மோசமா எழுதினா எல்லாம் ஒரே ஜாடைதான் போல.”

இருதயராஜ் மேசையைத் துடைத்த டிஷ்யூவை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பொய்க் கணக்குக்காரர்களுக்கு இந்தச் சத்தமில்லாத இடைவெளி பிடிக்காது என்று அடிக்கடி சொல்வார்.

“புக்கிட் மேராவுல எங்க பழைய பிளாக்ல,” என்று தொடங்கினார், “லிஃப்ட் ஒண்ணு, அஞ்சு, ஒம்பதுலதான் நிக்கும். அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி. நாங்க ஏழாவது மாடி. ரிஜிஸ்தர் தபால் கொண்டாற ஆள் ‘வீட்ல யாரும் இல்லை’ன்னு சீட்டு எழுதி கீழயே போட்டுட்டுப் போயிடுவார். நாங்க வீட்லதான் இருந்தோம். லிஃப்ட் எங்க மாடியில நிக்காது, அவருக்கு படி ஏற மனசில்ல. உங்க பிரேக்கும் வீட்லதான் இருக்கு லா. வந்தவன் அந்த மாடியில இறங்கல.”

முனீரா ஒரு கிண்டலுக்குத் தயாரானாள். அதைப் பாதியிலேயே விட்டாள். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எவ்வளவு தாண்டுறான்,” என்று முனகினாள். “மன்னிச்சு அனுப்பும்போது எவ்வளவு தாண்டுறான்?”

திரையில் விரல் வைத்து ஃபஹத்திடம் காட்டினாள். “நாலு. எப்பவும் நாலு பைட் தள்ளிப் போங்கிறான். கட்டளை நாலு பைட் நீளம்னா சரி, அடுத்ததுல போய் நிக்கும். ஆனா இந்தச் சிப்புல ரெண்டு பைட் கட்டளையும் உண்டு. சென்சாரைப் படிக்கிறது ரெண்டு. பிரேக் போடுறது ரெண்டு. நாலு தாண்டினா…”

“பிரேக்கையும் சேத்துத் தாண்டிடும்,” என்ற ஃபஹத்தின் முகம் இன்னும் வெளிறியது. “லாத்தா, அந்தச் சின்னக் கட்டளைங்களை ஆன் பண்ணதே நான்தான். போன மாசம். மெமரி பத்தலைன்னு. அதுவரைக்கும் எல்லாமே நாலு பைட்தான்.”

“ஆன் பண்றது தப்பில்ல. சிப்பு செஞ்சவனே பண்ணச் சொல்றான். எது வந்தாலும் நாலுதான்னு எழுதி வெச்சான் பாரு, அவனோட தப்பு. கதவைத் திறந்தது நீ. கதவுக்குப் பின்னாடி குழி தோண்டி வெச்சது அவன்.”

முனீரா திலீப்பைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“மேடம், இதை ஒரே நாள்ல கண்டுபிடிச்சீங்களா?” என்றார் திலீப். “என் ஆளுங்க ஒரு வாரமா உக்காந்திருக்காங்க. நீங்க ஏன் துப்பறியிற கம்பெனியில இருக்கீங்க? திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து என்னைப் பாருங்க. சீனியர் போஸ்ட் ஒண்ணு இருக்கு.”

முனீராவுக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருடமாக யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அழுகை வரும் போலிருந்ததால் ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஃபஹத் மேல புகார் இல்லையே, சார்?”

“அது வேற. அந்த ஹேண்ட்லரை ஃபஹத்தே எழுதியிருக்கலாமில்ல? மூடிப்போன ஏதோ கம்பெனியோட கெர்னல், மூணு கை மாறி எங்ககிட்ட வந்துச்சு. எங்க ரெக்கார்ட் மூணு வருஷத்துக்குத்தான் இருக்கு. ஃபஹத் சேந்து நாலு வருஷமாச்சு. குழியையும் அவரே தோண்டி, கதவையும் அவரே திறந்திருந்தா? எழுதினது யாருன்னு அஞ்சு மணிக்குள்ள காட்டுங்க.”

ஃபோனை வைத்தார்கள். மணி இரண்டு. எழுதியவர் பெயர் நிரலில் எங்கும் இல்லை. கை மாறியபோது பெயர், குறிப்பு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு முத்திரை.

“மறுபடியும் என் கார்தான்,” என்றார் இருதயராஜ், சந்தோஷத்தை மறைக்காமல்.

“கார் இல்ல அண்ணே.”

“சரி, எண்ணுதானே? உங்க ஆளுங்க பதினாறு பதினாறா எண்ணட்டும். எங்கள மாதிரி பத்துப் பத்தா எண்ணினா என்ன வரும்?”

அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்ல வந்தாள். ஆனால் காலையிலிருந்து அவர் நடந்த நடைக்கு இதையாவது செய்யலாமென்று, டிஷ்யூவில் கணக்குப் போட்டாள். மடிக்கணினியில் ஒரு நொடியில் வந்திருக்கும். கையாலேயே போட்டுக் காட்ட வேண்டுமென்ற திமிர் அவளுக்கு எப்போதும் உண்டு.

460109.

“நாலு, ஆறு,” என்று டிஷ்யூவை எட்டிப் பார்த்த இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் காப்புறுதிப் படிவங்களைப் புரட்டியவருக்கு இதற்கு யோசனை தேவைப்படவில்லை. “முனீரா, இது போஸ்டல் கோட். நாலு ஆறுன்னா பிடோக். கடைசி மூணு பிளாக் நம்பர். பிடோக் நார்த், பிளாக் நூத்தி ஒம்பது. இதை எழுதினவன் அங்கதான் குடியிருந்திருக்கான். கெளம்பு, இப்பவே போவோம்.”

அவர் எழுந்துவிட்டார். ஃபஹத்தும் எழுந்துவிட்டான். முனீரா எழவில்லை.

அந்த ஆறு இலக்கத்தை அவள் ஆறு வருடம் வாரத்துக்கு மூன்று முறை தட்டியிருக்கிறாள், ஆன்லைனில் பார்சல் வரவழைப்பதற்காக. பிளாக் நூற்றொன்பது, ஒன்பதாவது மாடி, வாடகை வீடு. அப்போது வேலை பார்த்தது அலெக்சாண்ட்ரா பக்கம் ஒரு சின்ன கம்பெனியில். அது மூடியபோது எழுதிய நிரலையெல்லாம் மொத்தமாக விற்றுவிட்டார்கள். ஹேண்ட்லருக்கு ஒரு முத்திரை எண் வேண்டுமென்று அவளுடைய மேலாளர் கேட்க, அவள் கைக்குப் பழகிய எண்ணைப் போட்டாள். நாலு பைட் என்று எழுதும்போது, சின்னக் கட்டளையும் வரலாமே என்று ஒரு சகா கேட்டார். நம்ம சிப்புல அதெல்லாம் வராது என்று சொல்லி அவரை உட்கார வைத்தாள். அதுவும் இப்போது சுத்தமாக ஞாபகம் வந்தது.

எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததாம்.

யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள். அண்ணன் மாடி மாடியாகக் கதவைத் தட்டி விசாரித்து முடிப்பதற்குள் மணி ஆறாகிவிடும். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் இஸ்திரி போட்ட சட்டையோடு உபியில் இருப்பாள். இதையெல்லாம் அவள் நினைக்காமல் இல்லை. ஆறிப்போன தேநீரைக் குடித்து முடிக்கும் வரை நினைத்தாள். குடித்து முடித்தபோது, ஃபஹத் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, “லாத்தா, டவுன்டவுன் லைன் ரயில்ல போனா சீக்கிரம்” என்று நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பிடோக் போக வேணாம்,” என்றாள். “உபிக்குப் போவோம்.”

“ஆள் அங்கயா இருக்கான்?”

“ஆள் இங்கதான் இருக்கா. கூட்டிட்டுப் போங்க.”

இருதயராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திரும்ப மெதுவாக உட்கார்ந்தார்.

“நான் தேடுன குற்றவாளிங்கள்ல,” என்றார் கடைசியில், “எனக்கு முன்னாடியே டிஷ்யூ போட்டு இடம் பிடிச்சு வெச்சது நீ ஒருத்திதான்.”

ரயிலில் ஃபஹத் ஒரே ஒரு தடவை, “லாத்தா, கண்டிப்பா உங்களோடதுதானா?” என்று கேட்டான். அதில் கோபம் இல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாலே காலுக்குத் திலீப்பின் அறையில் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திலீப் முதலில் சிரித்தார். பிறகு, ஃபஹத்தைக் காப்பாற்ற நாடகம் ஆடுகிறீர்களா என்று கேட்டார். இருதயராஜ் தன் ஃபோனில், வேலை கேட்டு முனீரா அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து வைத்தார். பழைய கம்பெனியின் பெயரும், வருடங்களும், பிடோக் முகவரியும் அதில் இருந்தன. திலீப்புக்கு அப்போதும் மனம் ஆறவில்லை.

“உங்ககிட்ட நான் கொடுக்காத பகுதி ஒண்ணு இருக்கு,” என்றார். “ஹேண்ட்லருக்கு உள்ளயே தப்பு நடந்தா ஓடுற பகுதி. அதுல என்ன இருக்குன்னு பாக்காம சொல்லுங்க.”

முனீரா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். தனி இடம் ஒதுக்கியது, எந்த வரிசையில் எதைப் பத்திரப்படுத்தியது, கடைசியில் மோட்டார் மின்சாரத்தை வெட்டியது. நடுவில் ஒரு வரியைத் தேவையில்லாமல் இரண்டு தடவை எழுதியிருந்ததையும் சொன்னாள். அன்று அது அவசரத்தில் விழுந்தது. திலீப் திரையை உருட்டிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு வரியும் வந்ததும் உருட்டுவதை நிறுத்தினார்.

புகார்ப் படிவத்தை அவர் எல்லோரும் பார்க்க அழித்தார். ஃபஹத்திடம் ஸாரி சொன்னார். முனீராவிடம், “திங்கட்கிழமை வர வேணாம் மேடம்,” என்றார்.

“சரி சார்,” என்றாள். வலித்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடவே வலித்தது. அதை மறைக்கத்தான் உடனே அடுத்ததைச் சொன்னாள். “திருத்தறது ரெண்டே வரி. கட்டளையோட கடைசி ரெண்டு பிட்டைப் படிச்சா சின்னதா பெருசான்னு தெரிஞ்சுடும். அதுக்கேத்த மாதிரி தாண்டினா போதும். இப்பவே எழுதித் தர்றேன்.”

நின்றுகொண்டே தட்டினாள். இரண்டு வரி. அழகாக வந்திருந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் பழைய பதினைந்து வருடத்துக் களை கொஞ்சம் திரும்பியிருந்தது.

ஃபஹத் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவையும் படித்தான்.

“லாத்தா, தப்பா நெனக்காதீங்க,” என்றான் தயங்கி. “அந்தக் கட்டளை இருக்கிற இடத்தையே படிக்க முடியாமத்தான் உள்ள வந்திருந்தா? நீளம் பாக்கிறதுக்காக அதே இடத்தைப் போய்ப் படிச்சா, ஹேண்ட்லரும் அங்கயே விழுந்துடுமே.”

முனீரா திரையைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. குற்றத்தை ஒப்புக்கொண்டு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அதற்குள் அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு, அடுத்த குழி. அழுகை என்று நினைத்தால் சிரிப்பாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

விசைப்பலகையை ஃபஹத் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல இருந்து வரி வரியா நீயே படி. நான் எழுதினதுன்னு எதையும் விட்டுடாத.”

இருதயராஜ் தன் கறுப்பு நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வழக்கை முடிக்கும்போது அறிக்கை எழுதுவது அவர் வழக்கம். என்ன எழுதுவதென்று அவளிடம் கேட்பதும் வழக்கம்.

“முனீரா, முடிவுன்னு என்ன போடுறது?”

“எழுதினது முனீரா, தப்பு அவளோடது,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “திருத்தினது ஃபஹத். அவன் பேரை முதல்ல போடுங்க அண்ணே.”